சபீனாவைத் தனியாக விட்டது

இன்று விடுதியில் யாரோ புது வெல்லம் உடைத்தார்கள். அந்த வாசனையில், இப்போது இடிக்கப்பட்டு வீட்டுமனைக் கல் நட்டுக் கிடக்கும் ரிஷிவந்தியத்து வெல்ல ஆலை, பாகு கொதிக்கும் களக் களக் சத்தத்தோடு கண்முன் வந்து நின்றது. தினமும் சாயங்காலம் அங்கே நான் பூச்சிகளைப் பற்றி நிறுத்தாமல் பேச, சபீனா சூடான பாகை ஓலையில் வழித்துத் தின்றபடி கேட்பாள். சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிற ஆட்டிசம் எனக்கு. அவளைத் தவிர வேறு தோழி இல்லை. ஒருநாள் தலைவலியில், "யம்மா தாயே, என்னைக் கொஞ்சம் தனியா வுடுடி!" என்றாள். விட்டேன். மறுநாளும் போகவில்லை, அடுத்த மாதமும் போகவில்லை. போன வருஷம் கடைத்தெருவில் அவள் அம்மா பிடித்துக்கொண்டார்.

"எத்தினி நாளு உனக்காக ஆலையாண்ட நின்னுக்கினு இருந்தா தெரியுமா? அப்படி இன்னா கோவம் உனக்கு?"

கோபமே இல்லை. சொன்ன சொல் கேட்கிற தோழி நான் என்று அந்த நிமிஷம் வரை பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.