அண்ணன் செய்த நீளக் கை

அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. மயிலாப்பூரில் பிறந்து, நந்தனத்தில் ஓர் அலுவலகத்தில் வரைபடம் போட்டு, அடையாறில் கண்மூடியவர். பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்து, பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பிப் போவார். நாங்கள் கேலி செய்யாத நாளில்லை.

அப்படிப்பட்டவர் எழுபதுகளில் ஒரே ஒரு காரியத்தில் துணிந்து இறங்கினார். மறைந்த அம்மா பாடிய இசைத்தட்டு ஒன்று எங்களிடம் இருந்தது. வேறு பிரதி கிடையாது. எங்கள் ரெக்கார்டு பிளேயரில் முள்ளைத் தாங்கும் கை குட்டை. தட்டின் உள்வட்டத்துக்கு வர வர முள் கோணிக்கொள்ளும். கடைசி அடிகளில் அம்மாவின் குரல் கிழிந்துபோகும். இதற்கிடையே அப்பாவுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்தது. அதிக நாள் கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பாட்டை முடிவு வரை ஒரு தடவை நன்றாகக் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அப்பாவின் ஆசை.

பழைய வானொலி நிலையப் பிளேயர்களில் கை நீளமாக இருக்கும், கடைசிவரை அவ்வளவாகக் கோணாது என்பது அண்ணனுக்குத் தெரியும். கடைகளில் அது வருவது நின்று வெகுகாலம். அவரே அளவு போட்டு அலுமினியக் குழாயில் ஒன்று செய்தார். எங்கேயாவது பிசகினால் தட்டு கீறிவிடுமே என்ற கவலையில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மற்ற தட்டுகளை மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்தார். அதற்குள் அப்பாவின் காது அடைத்துவிடுமோ என்று நாங்கள் அவரை அவசரப்படுத்தினோம்.

சரஸ்வதி பூஜை வந்தது. அண்ணி வழக்கம்போல் தையல் மெஷின், சைக்கிள், அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். புதுக் கையை மட்டும் விடுவாரா? மறுநாள் காலை அண்ணன் முன்பக்கப் பொட்டைத் துடைத்துவிட்டார். பின்னால், கை திரும்பும் இடத்தில் இன்னொரு பொட்டு காய்ந்து ஒட்டியிருந்ததை யாரும் பார்க்கவில்லை.

அன்றைக்கே அப்பா ஸ்பீக்கரில் காதை ஒட்ட வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணன் அம்மாவின் தட்டை வைத்தார். முதல் அடியிலேயே கை நகராமல் நின்றது. பிறகு முள் தாவி, சர்ரென்று கீறியது. அண்ணன் பதறிப்போய் முள்ளைத் தூக்கினார். அண்ணி அழுதுவிட்டார்.

"நீ அழாத. நான்தான் பின்னாடி பாக்கல" என்று சொல்லிவிட்டு, அண்ணன் சந்தனத்தை நகத்தால் சுரண்டி எடுத்தார். மறுபடி முள்ளை வைக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அப்பாதான் "வைடா" என்றார்.

முதல் அடி போனது போனதுதான். ஆனால் கடைசி அடி, அம்மா மூச்சு வாங்குவது உட்பட, கிழியாமல் கேட்டது. அப்பா நிமிர்ந்து, "முழுசா பாடிட்டா" என்றார். அடுத்த பொங்கலுக்குள் அவர் காது முழுவதும் அடைத்துவிட்டது.

அன்று குழாயில் துளை போட்டுத் தந்த லேத் பட்டறைக்காரருக்கும், கடைசி நாட்களில் அண்ணனைத் தாங்கிப் பிடித்த மருத்துவர்களுக்கும், எதிர்வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த நினைவு மலரின் முகப்பில் அண்ணன் படத்துக்கு அண்ணி சந்தனப் பொட்டு வைத்திருப்பதைப் பார்ப்பீர்கள். பக்கத்தில் இருப்பது அந்த நீளக் கை. அதற்கு மட்டும் அவர் பொட்டு வைக்கவில்லை.