பூட்டிய தோட்டத்தில் செல்வநாயகியின் பிள்ளை

தன் பிள்ளை எந்த மண்ணில் படுத்திருக்கிறது என்று பெற்ற தாய்க்குத் தெரியாமல் இருக்குமா? செல்வநாயகிக்குத் தெரியாது. நாற்பது வருடங்களாகத் தெரியாது.

ஜார்ஜ்டவுன் என்ற தீவு நகரில், பழைய பிரெஸ்பிட்டேரியன் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்துக்குள் எங்கோ ஓரிடம். அதுவரைக்கும்தான் அவளுக்குத் தெரியும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம், பஸ்ஸில் அந்தச் சுவரைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பக்கத்து இருக்கைப் பெண்கள் கண்ணில் தூசி என்று நினைத்துக்கொள்வார்கள்.

பச்சைப் பிள்ளையை எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். ஆனால் அந்தப் பெண் குழந்தை பிறந்து கண் மூடிய அன்று தீவெங்கும் வெள்ளம். இந்து மயானத்துக்குப் போகும் வழி மூழ்கிக் கிடந்தது. கல்லறைத் தோட்டத்தில் காவலிருந்த நண்பர் ஒருவர் மனமிரங்கிக் கதவைத் திறந்துவிட, செல்வநாயகியின் கணவர் கனகசுந்தரம் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார். புறப்படும் முன் செல்வநாயகியின் தாய் அவர் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள்.

"அடுத்த பிள்ளை பிறக்கிற வரைக்கும் இவளுக்கு இடத்தைக் காட்டாதேங்கோ தம்பி. பெத்தவள் குழியைப் பார்த்தா வயிறு பிறகு திறக்காது."

அடுத்த பிள்ளை பிறக்கவே இல்லை. அதனால் அந்தச் சத்தியமும் முடியவில்லை.

அழுது கேட்டாள். சண்டை பிடித்துக் கேட்டாள். சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துக் கேட்டாள். பிறையிலுள்ள மின் நிலையத்தில் இரவு பகல் பாராமல் உழைத்து, அவள் கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்த அந்த நல்ல மனிதர், இதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் கேட்பதையே அவள் விட்டுவிட்டாள். பிறகு அவருக்கு மறதி நோய் வந்தது. முதலில் சாவி மறந்தது, பிறகு தெரு மறந்தது, போன வருடம் அவளையும் மறந்தது.

இப்போது தோட்டத்தின் பின்சுவர் சரிந்துவிட்டது. மரங்கள் விழுந்து, பாதை உள்வாங்கி, பொதுமக்கள் நுழையக் கூடாது என்று பல வருடமாகப் பூட்டிக் கிடக்கும் இடம் அது. திங்கட்கிழமை மண்வாரி இயந்திரம் வருகிறது. பெயர்க் கல் உள்ள கல்லறைகளுக்கு வேலி போடுவார்களாம். கல் இல்லாத மண்ணை வாரிச் சமன் செய்வார்களாம். அவள் பிள்ளைக்கு ஏது கல்? பெயர்கூட வைக்கவில்லையே!

காவலாளி மீரா சாகிப்பிடம் கெஞ்சிக் கெஞ்சி, ஞாயிறு மத்தியானம் கணவரைக் கைப்பிடித்து அழைத்து வந்துவிட்டாள்.

"அக்கா, சீக்கிரம் லா. பாஸ் வந்தா என் வேலை ஹாபிஸ், போயிடும்." பூட்டைத் திறந்தபடியே மீரா சாகிப் முணுமுணுத்தார். "உள்ள படுத்திருக்கிற வெள்ளைக்காரங்க ஒரு கம்ப்ளெய்னும் பண்ண மாட்டாங்க. வெளியில நடமாடுறவங்களுக்குத்தான் பயம். பாம்பு இருக்கு, கீழ பார்த்து நடங்க."

உள்ளே முழங்கால் உயரம் புல். பாசி பிடித்த சிலுவைகள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு சாய்ந்திருந்தன. கப்பல் தலைவர்கள், பாதிரிமார், காய்ச்சலில் போன இளம் மனைவிகள் என்று எல்லாருக்கும் கல் இருந்தது, எழுத்து இருந்தது. கம்போஜா மரங்கள் எல்லார் மேலும் வெள்ளைப் பூவை உதிர்த்திருந்தன.

"இஞ்சருங்கோ, எங்கட பிள்ளையை எங்க வச்சீங்க? ஞாபகப்படுத்திப் பாருங்கோ."

கனகசுந்தரம் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க ஆர்?"

"நான் நாயகி."

அவர் முகம் கறுத்தது. கையை உதறினார். "நாயகியெண்டா இஞ்ச வரக்கூடாது. போங்கோ! அவளுக்குக் காட்டக்கூடாது. மாமிக்குச் சொல்லியிருக்கிறன்."

மனைவியை மறந்தவருக்குச் சத்தியம் மறக்கவில்லை! செல்வநாயகி புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். மார்பில் அறைந்துகொண்டு அழுதாள். வாசலிலிருந்து மீரா சாகிப், "அக்கா, போதும் லா" என்று கூப்பிடுவது கேட்டது. நாளை இந்த மண் லாரியில் போய்விடும். பிறகு எந்தத் திசையைப் பார்த்து அவள் அழுவாள்?

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தன் வாழ்நாளில் சொல்லியிராத பொய்யை, தன் வாயாலேயே சொன்னாள்.

"நான் நாயகி இல்லை, ஐயா. ஆஸ்பத்திரியில இருந்து வாறன். உங்கட நாயகிக்குப் பிள்ளை பிறந்திருக்கு."

அவர் அவளிடம் நெருங்கி வந்தார். "பிறந்திட்டுதோ? என்ன பிள்ளை?"

"ஆம்பிளைப் பிள்ளை."

"தாயும் பிள்ளையும் சுகமோ?"

"சுகம்."

அந்த முகத்தில் வந்த சிரிப்பை அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. வாசலை நோக்கி ஓடப் பார்த்தவர், சட்டென்று நின்றார். "பொறுங்கோ, மூத்தவளுக்குச் சொல்லிப்போட்டு வாறன்."

சாய்ந்த சிலுவைகளுக்கு நடுவே, தடுமாறாமல், மேற்குச் சுவரின் மூலைக்கு நடந்தார். அங்கே கருங்கல் தூண் ஒன்றின் அடியில் குந்தி, வெறும் மண்ணைத் தடவினார்.

"பிள்ளை, உனக்குத் தம்பி பிறந்திருக்கிறான். இனி அம்மா வருவா. நான் கூட்டிக்கொண்டு வருவன், என்ன?"

அம்மா அவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள். வாய்விட்டுக் கத்தினால் பொய் உடைந்துவிடும் என்று முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாக மண்டியிட்டு, அவர் கைபட்ட இடத்து மண்ணை இரண்டு கையாலும் அள்ளி மடியில் போட்டாள். ஈரமாக, கனமாக இருந்தது. பிறந்த அன்று ஒரு முறைகூட அவள் மடியில் கிடத்தாமல் எடுத்துப் போன பிள்ளை.

"என்ன செய்யிறீங்க? கெதியா எழும்புங்கோ," என்று அவர் அவளை அவசரப்படுத்தினார். "நாயகி அங்க தனிய இருப்பா."

வாசலில் மீரா சாகிப், "கிடைச்சுதா அக்கா?" என்று கேட்டார். அவள் வாய் திறக்குமுன் கனகசுந்தரம் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஆம்பிளைப் பிள்ளை, தம்பி! எனக்கு!"

மீரா சாகிப் அவள் முகத்தைப் பார்த்தார். மண் நிறைந்த மடியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "தஹ்னியா, அங்கிள்" என்று வாழ்த்தினார்.

வாடகைக் காரில் ஏறியதும் கனகசுந்தரம் ஓட்டுநரின் தோளைத் தட்டினார். "ஆஸ்பத்திரிக்கு விடுங்கோ. எந்த வார்டு எண்டு இவ சொல்லுவா."

செல்வநாயகி மடியை இறுகப் பிடித்துக்கொண்டு, கெலுகோரில் இருக்கும் தங்கள் வீட்டுக்கு வழி சொன்னாள்.