பக்தவச்சலம் எழுந்து நின்ற கதை

டோல்கேட் சிக்னலில் பச்சை விளக்குக்காகப் பக்தவச்சலம் காத்திருப்பதில்லை. சாலையோரம் நின்று வலது கையை உயர்த்துவார். கன்டெய்னர் லாரி பெருமூச்சு விட்டபடி நிற்கும். அவசரமே இல்லாமல் கடந்து போவார். தண்டையார்பேட்டை வீட்டிலிருந்து காசிமேடு வரை போய்த் திரும்புவது அவருடைய காலை நடை. கையில் கோல் கிடையாது.

வயது தொண்ணூற்றெட்டு. பிறப்புச் சான்றிதழ் இல்லை. கேட்பவர்களிடம் இப்படிச் சொல்வார்: "ஜப்பான்காரன் குண்டு போடப் போறான்னு ஊரே மூட்டை கட்டிகினு ஓடிச்சு. நான் ஹார்பர்ல மூட்டை தூக்கிகினு இருந்தேன். அப்போ எனக்குப் பதினஞ்சு."

துறைமுகத்தில் நாற்பத்து மூன்று வருடம் சுமந்ததில் வலது தோள் இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது. எந்தச் சட்டையும் அவர் மேல் ஒரு பக்கம் சரிந்தே நிற்கும். பால் கலக்காத டீ, வாரத்தில் நான்கு நாள் சங்கரா மீன். ஆயுள் ரகசியம் கேட்பவர்களைக் கண்டால் எரிச்சல் வரும். "இன்னா ரகசியம்? காலு கீது, நடக்கறேன்" என்று முடித்துக்கொள்வார்.

அந்தக் கால் போன ஆடியில் போனது. காசிமேட்டில் ஐஸ் ஏற்றி வந்த மீன்பாடி வண்டி இடித்துத் தள்ள, இடது இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவமனையில் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: அறுவை சிகிச்சை செய்தால் இந்த வயதில் இதயம் தாங்காமல் போகலாம், செய்யாவிட்டால் இனி படுக்கைதான்.

மகன் திருமுருகனுக்கு எழுபத்து மூன்று வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்து, அறுவை வேண்டும் என்று டாக்டர் சொல்லி மூன்று வருடமாகிறது. பயத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவர். ஒப்புதல் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, படுக்கையிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்றார். குரல் உடைந்துவிட்டது.

பக்தவச்சலம் படிவத்தை வாங்கிக்கொண்டார். "படுத்துகினு கெடந்தா மட்டும் போவாதா உசுரு? போறதுன்னா அது பாட்டுக்குப் போவட்டும், நைனா. நீ அழுவாத." கோணல் எழுத்தில் தானே கையெழுத்துப் போட்டார்.

இதயம் தாங்கியது. ஆனால் மறுநாள் அவரை நிற்கவைக்க வந்த பிசியோதெரபிஸ்ட் ஷம்ஷாத்திடம், எழுந்திருக்க மாட்டேன் என்றார். மயக்கம் என்றார், பசி என்றார், நாளைக்கு என்றார். மகன் மருந்து வாங்க வெளியே போன பிறகுதான் உண்மை வந்தது.

"பயமா கீதும்மா. இத்தினி வருசத்துல இப்படி இருந்ததில்ல. காலு என்னுதுன்னே தோணல."

ஷம்ஷாத் வாக்கரை நகர்த்திக் கட்டிலோடு ஒட்டி வைத்து, அவருடைய இரண்டு கைகளையும் அதன் மேல் எடுத்து வைத்தாள். "பயந்துக்கிட்டே நில்லுங்க தாத்தா. நான் இங்கதான் இருக்கேன்."

பயந்துகொண்டே நின்றார். எட்டு நொடி. மறுநாள் ஜன்னல் வரை. மூன்று வாரத்தில் வீடு. ஐப்பசியில் தெருமுனை டீக்கடை. மார்கழியில், வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து, காசிமேடு. அன்று மீன்காரப் பெண்கள் எழுந்து வந்து அவர் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார்கள். கூச்சத்தில் நெளிந்தவர், அவர்கள் கொடுத்த சங்கராவை மறக்காமல் வாங்கிக்கொண்டார்.

இதையெல்லாம் தினமும் பார்த்துக்கொண்டிருந்த திருமுருகன், தை பிறந்ததும் யாரும் சொல்லாமலேயே தன் முழங்காலுக்குத் தேதி வாங்கிவிட்டார்.

அறுவை முடிந்த மறுநாள் அவரைப் பார்க்கப் பக்தவச்சலம் பஸ் பிடித்துத் தனியாக வந்து சேர்ந்தார். அதே ஷம்ஷாத்தான் இருந்தாள். திருமுருகன் வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றார். ஆனால் அடி எடுத்து வைக்க முடியவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்தவச்சலம் ஸ்டூலிலிருந்து எழுந்தார். மகனுக்கு எதிரே மூன்றடி தள்ளிப் போய் நின்று, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார்.

திருமுருகன் ஓர் அடி எடுத்து வைத்தார். பக்தவச்சலம், நீட்டிய கைகளை மடக்காமல், ஓர் அடி பின்னால் போனார்.