கொலுசில் சேர்த்த இரண்டு கண்ணிகள்

மாரிசெல்வி என் தங்கை முருகம்மாளின் ஒரே மகள். நான் அவளுக்குத் தாய்மாமன், வானமாமலை. எங்கள் அப்பா நாங்குநேரிப் பக்கமிருந்து தாராவிக்குத் தோல் பட்டறை வேலைக்கு வந்தவர். நானும் அங்கேயே நாற்பது வருஷம் தோல் வெட்டினேன். எங்கள் கூட்டத்தில் யார் எந்த வருஷம் பிறந்தார்கள், யார் யாருக்கு என்ன முறை என்று கேட்டால் இன்றைக்கும் தடங்கலில்லாமல் சொல்வேன். இந்தப் பெண்ணின் கால் எப்போது வீங்க ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டபோதுதான் எனக்கு வாய் வரவில்லை.

அவள் பிறந்தது தொண்ணூற்றெட்டில், அடைமழையில். உதடும் நகமும் நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தன. ரத்தத்தை அடித்துத் தள்ள இதயத்தில் இரண்டு அறை வேண்டுமாம். இவளுக்கு ஒன்றுதான் உருப்படியாக இருந்தது. ஆறு வயதுக்குள் மூன்று ஆபரேஷன். கெட்ட ரத்தம் இதயத்துக்குள் வராமல் நேரே நுரையீரலுக்குப் போகும்படி வழியைத் திருப்பி விட்டார்கள். உதடு சிவந்தது. பள்ளிக்கூடத்தில் யாராவது நெஞ்சுத் தழும்பைக் காட்டிக் கேலி செய்தால், "எனக்குள்ள ஒரே ரூம்தாம்ட்டி. ஒங்க வீட்ல எத்தன ரூம் இருக்காம்?" என்று கேட்பாள். தாராவியில் அதற்கு யார் பதில் சொல்வது?

தங்கை புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டான். கொரோனா வருஷத்தில் முருகம்மாளும் போனாள். போகுமுன் என்னிடம் சொன்னது இதுதான்: "அண்ணே, வருஷத்துக்கு ஒருக்க செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போயிரணும். காலு வீங்குனா ஒடனே காட்டணும்னு சொல்லிருக்காவ."

நான் அதை மறந்தேன் என்று சொன்னால் பொய். வீக்கம் என்றால் சிவந்து வலிக்கும், நொண்ட வைக்கும் என்று நினைத்திருந்தேன்.

மாரிசெல்வி எங்கள் வீட்டுக்கு வந்தபோது கொடிக்கயிறு மாதிரி இருந்தாள். ரெடிமேட் பட்டறை ஒன்றில் காஜா மெஷின் ஓட்டினாள். சட்டைக்குப் பட்டன் துளை போடுகிற வேலை. என் வீட்டுக்காரி விஜயலட்சுமி விடவில்லை. வாரம் இரண்டு தடவை உளுந்தங்களி, கருப்பட்டி போட்டு, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றி. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை உடம்புக்கு அதைவிட உசத்தி ஒன்றும் கிடையாது. அவளுக்கு அவ்வப்போது வயிற்றால் போகும். வெளியே வாங்கித் தின்கிற வடாபாவ்தான் காரணம் என்று திட்டினோம்.

இருபத்தைந்து வயதில் கன்னம் உப்பியது. "இப்பத்தான் எஞ்சோறு அவ உடம்புல ஒட்டுது" என்று விஜயலட்சுமி சந்துக்கே சொன்னாள்.

சடங்குக்கு நான் சீராகப் போட்ட வெள்ளிக் கொலுசு அப்போதும் அவள் காலில் கிடந்தது. அது இறுகிக் கணுக்காலில் தடம் விழுந்தது. பத்தரிடம் கொண்டுபோய் ஒரு கண்ணி சேர்த்தேன். ஆறு மாதம் கழித்து இன்னொன்று. பத்தர் சிரித்தார்: "என்ன அண்ணாச்சி, தாய்மாமன் ஊட்டமா?" எனக்குப் பெருமை தாங்கவில்லை. வழியில் அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்தச் சமயத்தில் அம்பர்நாத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் பூசினாற்போல லட்சணமாக இருக்கிறாள் என்றார்கள். ஆபரேஷன் விஷயத்தை நாங்கள் சொல்லவில்லை. அந்த மாதம்தான் அவள், "மாமா, செக்கப்புக்கு நாளாச்சு" என்றாள்.

"கல்யாணம் பேசிட்டு இருக்கையில ஆஸ்பத்திரி வாசல்ல எவனாவது பாத்தா என்ன சொல்லுவான்? தை கழியட்டும்."

அவள் பையை எடுத்துக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினாள். தை கழிந்தது, பங்குனியும் கழிந்தது. அவள் வயிறு பெரிதாகிக்கொண்டே வந்தது. மாப்பிள்ளையின் அம்மா அடுத்த முறை வந்தபோது அவளை மேலும் கீழும் பார்த்தாள். "தாலி ஏறுமுன்னயே வளகாப்பு நடத்தணும் போலிருக்கே" என்று எங்கள் காதுபடவே சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மாரிசெல்வி அழவில்லை. கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்: "இப்பப் போலாம்லா மாமா? இனி யாரு பாத்தா என்ன?"

டாக்டர் சாருலதா மாட்டுங்காவில் வளர்ந்தவர், தமிழ் பேசுவார். அவள் முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. இவ்வளவுதான் சோதனை. நானே வீட்டில் செய்திருக்கலாம்.

"ரத்தம் தவிர நிணநீர்னு ஒண்ணு உடம்பெல்லாம் ஓடுது. கடைசியில அது கழுத்துப் பக்கம் ரத்தக் குழாய்ல போய் விழணும். இவங்க மாதிரி ஒத்தை அறைக்காரங்களுக்கு அந்தக் குழாய்ல எப்பவும் அழுத்தம் ஜாஸ்தி. கடல் ஏறியிருக்கறப்போ உங்க சாக்கடை நாலா வடியுமா?"

"வடியாது டாக்டரம்மா. திரும்பி வீட்டுக்குள்ள வரும்."

"அதேதான். வடிய வழியில்லாம குடலுக்குள்ள கசியுது. உடம்புல இருக்கற புரதமெல்லாம் அதோட போயிடுது. புரதம் குறைஞ்சா கால்லயும் வயித்துலயும் நீர் கோத்துக்கும். இது சதை இல்லை, தண்ணி. எண்ணெய், கொழுப்பு சாப்பிட்டா கசிவு இன்னும் ஜாஸ்தியாகும்."

"நல்லெண்ணெயுமா?" என்று கேட்டாள் விஜயலட்சுமி. டாக்டர் தலையை ஆட்டினார். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"எப்பலேர்ந்து வீக்கம்?"

நான் தரையைப் பார்த்தேன். மாரிசெல்வி காலை நீட்டினாள். "கொலுசப் பாருங்க டாக்டர். இந்த ரெண்டு கண்ணியும் புதுசு. மொதக் கண்ணி போட்டு ஒண்ணர வருஷம் ஆவுது."

டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். "முதல் கண்ணிக்கே வந்திருந்தா..." என்று ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்தார். சீட்டில் மருந்து எழுதினார்.

மாத்திரை, முட்டை வெள்ளைக்கரு, மருந்துக் கடையில் மட்டும் கிடைக்கிற, கசிவைக் கூட்டாத ஒரு எண்ணெய் என்று நாலு மாதம் போனது. வயிறு வடிந்தது, கால் குச்சியானது. கசிவு நிற்கும், மறுபடி வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போது அவளால் அரை நாள்தான் மெஷினில் உட்கார முடிகிறது. களிச் சட்டியை விஜயலட்சுமி பரணில் ஏற்றிவிட்டாள்.

கண்ணிகளைக் கழற்றிவிடலாம் என்றேன். "கெடக்கட்டும் மாமா, இதுதான் நம்ம மீட்டர்" என்றாள். அதனால் தினமும் காலையில் கொலுசுக்கும் காலுக்கும் நடுவே என் சுண்டு விரலை விட்டுப் பார்க்கிறேன். தாராளமாகப் போகும்.

இன்று காலை நகம் வரைதான் போனது.

"நேத்து ரொம்ப நேரம் காலத் தொங்கப் போட்டு ஒக்காந்துட்டேன், அதான். ஆர்டர் கெடக்கு மாமா, திங்கக்கெழம போவோம்" என்றாள்.

அவளுடைய ஃபைலை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"செருப்பப் போடுட்டி."