ஞாயிற்றுக்கிழமை வேன்

மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே நான் திருவண்ணாமலையைச் சுற்றி நிறைய மனை வாங்கியிருக்கிறேன். வாங்குவதுபோல் நடித்திருக்கிறேன் என்பதுதான் சரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, தீபாவளிக்கு எடுத்த கவுனைப் போட்டுக்கொண்டு, அம்மாவோடு பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே போய் நின்றால் ஏசி வேன் வரும். அதில் ஏறி உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து நாங்கள் சென்னைக்காரர்கள்.

ஏற்பாடு மாமாவுடையது. மாமா அம்மாவுடன் பிறந்த ஒரே அண்ணன். கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தார். பேருக்கு விவசாயம், பிழைப்பு மனை புரோக்கர். கிரிவலத்துக்கு வருகிற கூட்டம் பெருகப் பெருக, மலை தெரிகிற மாதிரி ஒரு வீடு இருந்தால் தேவலை என்ற ஆசை வெளியூர்க்காரர்களுக்கு வந்துவிட்டிருந்தது. மனை போட்டு விற்கிற கம்பெனிக்காரர்கள் அவர்களை வேனில் கூட்டிப்போய், மனைகளைக் காட்டி, மத்தியானம் பிரியாணி போட்டு அனுப்புவார்கள். வேன் பாதி காலியாகப் போனால் வியாபாரம் நடக்காது. பக்கத்து சீட்டுக்காரன் வாங்கப்போகிறான் என்று தெரிந்தால்தான் மனிதனுக்கு அவசரம் வரும். இந்த ரகசியத்தைத் தெரிந்துவைத்திருந்த மாமா, காலி சீட்டுகளில் சொந்தக்காரர்களை உட்காரவைத்தார்.

"எந்த ஊருன்னு கேட்டா அம்பத்தூர்னு சொல்லு. ஜாஸ்தி பேசாத" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அம்மாவுக்கு இன்னும் பெரிய வேஷம். பந்தலில் எல்லாரும் உட்கார்ந்ததும், மைக் பிடிக்கும் அண்ணன் ஒருவர், "ஏற்கெனவே புக் பண்ண மேடம் ஒருத்தங்க பேசுவாங்க" என்று அவளிடம் மைக்கை நீட்டுவார். அம்மா எழுந்து, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, "நாங்க ரெண்டு மனை எடுத்திருக்கோம். நம்பி வாங்கலாம்" என்பாள். சொல்லும்போது தரையைத்தான் பார்ப்பாள். அதைக்கூட அடக்கம் என்று நினைத்து ஜனங்கள் தலையாட்டினார்கள்.

நான் அந்த வேனில் கற்றுக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. அதில் முக்கியமானது, எல்லாம் புக் ஆகிவிட்டது என்று சொன்னால் இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். யாராவது தயங்கி நின்றால் மைக் அண்ணன் அதைத்தான் சொல்வார். தயங்கியவர் முகம் வாடியதும், "இருங்க, உங்களுக்காக ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்" என்று ஓரமாகக் கூட்டிப்போவார். அந்த ஒன்று எப்போதும் இருந்தது.

அம்மாவுக்குப் பொய் சொல்லப் பிடிக்காது. நான் ஒரு பென்சில் தொலைந்த கதையை மாற்றிச் சொன்னாலே முதுகில் ஒன்று வைப்பாள். அண்ணன் கேட்டதால் வந்தாள். அப்பா நான் நடக்கப் பழகுவதற்கு முன்பே போய்விட்டார். அதற்குப் பிறகு அம்மாவுக்குத் தாய்வீடு என்றால் மாமாதான். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் போடுவது அவள் வேலை. அதன் பின்பக்கத்துச் சந்தில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். வீட்டுக்கார அம்மாள் அந்த அறையை இடித்துவிட்டு வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிற மாதிரி கட்டவேண்டும் என்று அந்த வருஷம் பூராவும் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா கெஞ்சிக் கூத்தாடித் தை மாதம் வரைக்கும் தவணை வாங்கியிருந்தாள்.

ஆனால் அவளுக்குப் பயமில்லை. அவளுக்கு ஒரு கழனி இருந்தது. மாமா ஊரில், தாத்தா அவள் பங்கு என்று வாயால் சொல்லி விட்டுப்போன நிலம். பிறகு அவள் பேரிலேயே எழுதியும் ஆகிவிட்டது. மாமாதான் பயிர் வைத்தார். வருஷா வருஷம் ஒரு மூட்டை மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, கொண்டுவந்து போடுவார். அதை உரித்துக்கொண்டே அம்மா சொல்வாள், "தை பொறந்தா அங்க ஒரு கொட்டா போட்டுக்கினு போயிடலாம். வாசல்ல நின்னா மலை ஒண்டியா தெரியும். நடுவுல ஒரு மாடி வூடு கெடையாது." எங்கள் சந்திலிருந்து பார்க்கிற மலை வேறு. கழனியிலிருந்து பார்த்தால் அது ஒரு மாடு காலை மடக்கிப் படுத்திருக்கிற மாதிரி இருக்கும். போகிறபோதெல்லாம் நான் அந்த மாட்டைப் பார்த்துவிட்டுத்தான் கிணற்றுப் பக்கம் ஓடுவேன். பம்புசெட்டு ஓடும்போது தொட்டியில் குதிக்க என்னை விடுவார்கள்.

அந்த வருஷம் ஆடியில் மாமா அம்மாவை ஒரு ஆபீஸுக்குக் கூட்டிப்போனார். பட்டாவில் ஏதோ சரிசெய்ய வேண்டும் என்றார். அவர் காட்டிய இடத்திலெல்லாம் அம்மா கையெழுத்துப் போட்டாள். திரும்பும்போது மாமா எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக்கொடுத்தார். அம்மாவுக்கு ஒரு புடவையும் எடுத்துக்கொடுத்தார். அதற்குப் பிறகு நாங்கள் கழனிக்குப் போகவே இல்லை. அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு. அந்த லீவையும் மாமா வேனில் ஏற்றிவிட்டிருந்தார். அதை அவர் யோசித்துச் செய்தாரா, தானாக அமைந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது. யோசித்துத்தான் செய்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிற நாட்களில் எனக்கு ஆத்திரம் தாங்காது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. அம்மா மாமா எடுத்துக்கொடுத்த புடவையைக் கட்டியிருந்தாள். எங்களுக்கு முன் சீட்டில் சென்னையிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி. பெரியவர் ரிட்டயர் ஆகியிருந்தார். கடைசிக் காலத்தில் மலையைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும் என்று அவர் மனைவி அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வந்தார். வேங்கிக்கால் தாண்டியதும் டிரைவருக்கு ஒரு போன் வந்தது. போகவேண்டிய சைட்டில் தண்ணீர் நிற்கிறது, வேறு சைட்டுக்குப் போ என்றார்கள். மாமா எப்போதும் எங்களுக்கு முன்னால் பைக்கில் போய்க் காத்திருப்பார். அவருக்கு யாரும் சொல்லவில்லைபோல. அவர் தண்ணீர் தேங்கிய இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

வேன் நான் பார்த்திராத ஒரு புது ரோட்டில் வளைந்து வளைந்து போனது. கண்ணாடியில் திரை போட்டிருந்தது. இறங்கியபோது மழை விட்டிருந்தது. வரவேற்பு வளைவு, கலர் கொடிகள், மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள், பந்தல், எல்லாம் வழக்கம்போலத்தான். எல்லா சைட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். நான் மலை எந்தப் பக்கம் என்று தேடினேன். மாடு காலை மடக்கிப் படுத்திருந்தது.

பக்கத்தில் எங்கள் மோட்டார் கொட்டாய் நின்றது. அதற்கு நீலப் பெயின்ட் அடித்து, வாசலில் ஆபீஸ் என்று எழுதியிருந்தார்கள். தொட்டியைக் காணோம். கிணற்றையும் காணோம். அது இருந்த இடத்தில் புது மண் குவிந்திருந்தது. குழந்தைகள் பூங்கா என்று ஒரு பலகை நட்டிருந்தார்கள்.

"ம்மா, இது நம்ம..." என்று ஆரம்பித்தேன்.

அம்மா என் கையை நசுக்கினாள். வேஷம் கலையக்கூடாது என்று நான் புரிந்துகொண்டேன். எங்கள் கழனியிலேயே வந்து சென்னைக்காரர்களாக நடிப்பது இதுவரை நடித்ததிலேயே கஷ்டமான நடிப்பு என்று எனக்குத் தோன்றியது. பெருமையாகக்கூட இருந்தது. மாமா நமக்குத் தெரியாமல் ஒரு வேடிக்கை ஏற்பாடு செய்திருக்கிறார் என்று நினைத்தேன். எத்தனையோ பேருடைய கழனியில் உட்கார்ந்து அதற்குமுன் நாங்கள் பிரியாணி சாப்பிட்டிருந்தோம். அவையும் யாரோ ஒருவருடைய கழனிகள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் அதுவரை தோன்றவே இல்லை.

பந்தலில் அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். மைக் அண்ணன் அவரது பாட்டைப் பாடி முடித்தார். எந்த மனையில் நின்றாலும் மலை தெரியும், நினைத்தால் போதும் முக்தி என்றார். பிறகு சிரித்துக்கொண்டே அம்மாவிடம் வந்து மைக்கை நீட்டினார். அவருக்கு அம்மா யார் என்று தெரியாது. வாராவாரம் வருகிற மேடம், அவ்வளவுதான்.

அம்மா எழுந்தாள். முந்தானையை இழுத்து விட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்குத் தரையைப் பார்க்கவும் இல்லை.

"இது நல்ல மண்ணுங்க" என்றாள். "செம்மண்ணு. இங்க மல்லாட்ட போட்டா, செடியப் புடிச்சி இழுத்தீங்கன்னா கொத்துக்கொத்தா வரும். அதோ, அந்தப் பலகை வெச்சிருக்காங்களே, அங்க கெணறு இருந்திச்சி. எந்தக் கோடையிலயும் வத்தனதில்ல. ஊரே வந்து குடிக்கத் தண்ணி மொண்டுக்கினு போவும்." மைக்கை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "இத வெச்சிருந்தவங்க மனசார குடுத்திருக்க மாட்டாங்க. தெரிஞ்சி குடுத்திருக்க மாட்டாங்க."

மைக் அண்ணன் ஒரு விநாடிதான் திகைத்தார். தொழில் தெரிந்தவர். மைக்கை வாங்கிக்கொண்டு, "கேட்டீங்களா? மேடம் ஊருக்குள்ள போயி விசாரிச்சிட்டே வந்திருக்காங்க. குடுக்க மனசில்லாம குடுத்த எடங்க இது. அப்ப எவ்ளோ நல்ல எடம்னு நீங்களே பாத்துக்கோங்க" என்றார். ஜனங்கள் கைதட்டினார்கள். எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியது நான்தான். அம்மா அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அன்றைக்குப் போல வியாபாரம் என்றைக்கும் நடந்ததில்லை. சென்னைப் பெரியவர்தான் முதலில் எழுந்துபோய்ப் பேர் கொடுத்தார். அவர் மனைவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னதுக்கப்புறம்தாம்மா எங்களுக்குத் தைரியம் வந்தது. எங்களுக்குப் பக்கத்து மனையா பாத்து எடுத்துக்கோங்க, துணையா இருக்கும்" என்றார். அம்மா கையை விடுவித்துக்கொள்ளாமல் நின்றாள்.

அப்போதுதான் மாமாவின் பைக் வளைவுக்கு வெளியே வந்து நின்றது. அவர் இறங்கவில்லை. ஹெல்மெட்டையும் கழற்றவில்லை. அம்மா சேற்றில் நடந்து அவரிடம் போனாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

"ண்ணா, கெணத்தக்கூட மூடிட்டியா" என்றாள்.

"மெதுவா பேசு. பார்ட்டிங்க இருக்காங்க. வூட்டுக்கு வந்து எல்லாம் சொல்றேன்."

"எம் பேர்ல ஒரு மனையாவது போட்டு வெச்சிருக்கியா? ஒரு கொட்டா போடற அளவுக்கு."

மாமா ஹெல்மெட்டுக்குள்ளிருந்து "எல்லாம் புக் ஆயிடிச்சிம்மா" என்றார்.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா என்ன. நமக்கென்று ஒன்று எடுத்து வைத்திருக்கிறார். ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொல்வார்.

அம்மா ஏன் கத்தவில்லை, போலீஸுக்கு ஏன் போகவில்லை என்று இந்தக் கதையைக் கேட்பவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. கையெழுத்து அவளுடையது. அண்ணன் அவளுடையவர். கத்தினால் இரண்டில் எது திரும்பி வரும் என்று அவள் யோசித்திருப்பாள். மாமா வீட்டுக்கு வந்து எல்லாம் சொல்லவே இல்லை. அந்த வருஷத்து மல்லாட்டை மூட்டையும் வரவில்லை.

திரும்புகிற வேனில் அம்மா பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. என்னிடம் கொடுத்துவிட்டாள். நான் இரண்டையும் சாப்பிட்டேன். கிணறு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் நட்டிருந்த கலர் கொடிகளில் ஒரு பச்சைக் கொடியைப் பிடுங்கி மடியில் வைத்திருந்தேன். "ம்மா, நமக்கும் அங்க ஒரு மனை இருக்கில்ல" என்று அவள் காதில் கேட்டேன். முன் சீட்டுப் பெரியவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அம்மா வேறு என்ன சொல்லமுடியும். "ம்" என்றாள்.

சந்து முனையில் இறங்கியதும் நான் ஓடினேன். கொடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த வீட்டுக்கார அம்மாளிடம் முதலில் சொன்னேன். பிறகு எதிர்வீட்டில் சொன்னேன். இஸ்திரி வண்டிக்காரரிடம் சொன்னேன். நாங்க மனை வாங்கிட்டோம், மலை தெரியும், எங்க மாமா எடுத்து வெச்சிருக்காரு. அம்மா நடந்து வந்து சேர்வதற்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது.

"சொல்லவே இல்ல பாரேன்" என்றாள் வீட்டுக்கார அம்மாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம். "நல்லா இரும்மா. ஆம்பள தொணை இல்லாம ஒருத்தி நெலம் வாங்கறதுன்னா சும்மாவா. அப்ப தைக்கு ரூமைக் காலி பண்ணிக் குடுத்துடுவ இல்ல? நானும் கொத்தனார்கிட்ட சொல்லி வெச்சிடறேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். அடி விழும் என்று நினைத்தேன், அவள் முகம் அப்படி இருந்தது. ஆனால் அவள் அடிக்கவில்லை. "குடுத்துடறங்க" என்றாள். எதிர்வீட்டுப் பெண் சர்க்கரை டப்பாவோடு வந்து அம்மாவின் வாயில் ஒரு சிட்டிகை போட்டாள். அம்மா அதை வாயில் வைத்துக்கொண்டு, எல்லாரையும் பார்த்துச் சிரித்தபடி நின்றாள்.

பொய் சொன்னால் அடிக்கிறவள் அன்றைக்கு ஏன் அடிக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. நான் சொன்னது உண்மையாக இருப்பதால்தான் என்று முடிவுகட்டிக்கொண்டேன். அன்று சாயங்காலமே என் புத்தகங்களை ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்கி, மேலே அந்தப் பச்சைக் கொடியை வைத்து மூடினேன். அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தை மாதம் நாங்கள் எங்கே போகப்போகிறோம் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் நிச்சயமாகத் தெரிந்திருந்தது.