கேரியரை மறைத்த பொய்

கியர் சைக்கிளின் பின்சக்கரம் கோணிப்போனதும், அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு சத்திரம் பேருந்து நிலையம் பக்கமுள்ள சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு புதுச் சக்கரங்களை எடுத்து வைத்தார். ஒன்று முப்பத்தாறு கம்பி போட்ட கனத்த சக்கரம், விலை கூடுதல். மற்றதில் கம்பிகள் குறைவு; என் கையிலிருந்த பணத்துக்குள் அடங்கியது.

"டபுள்ஸ் போவீங்களா சார்?"

தினமும் மனைவியைக் கேரியரில் ஏற்றி, ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரியைக் கடந்து, அவள் துணி தைக்கும் கடையில் விடுகிறவன் நான். ஆனால் கடையில் நாலு பேர் நின்றார்கள். ஐம்பது வயதில் ஒரு ஸ்கூட்டருக்கு வக்கில்லாதவன் என்று தெரிந்துவிடுமே.

"இல்லைங்க. காலையில எக்சர்சைஸுக்குத்தான்."

"அப்ப சின்னதே போதும். மலைக்கோட்டைப் படியில மட்டும் ஏத்திடாதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒன்பதாம் நாள், பாலத்து இறக்கத்தில், சக்கரம் அப்பளம்போல் மடிந்தது. எழுந்து பார்த்தேன். அவளுடைய வலது கை முறிந்து, யாரோ போட்டுவிட்டுப் போனதுபோல் தார்மேல் கிடந்தது. எலும்பு கூடிவிட்டது; விரல்கள்தான் மடங்கவில்லை. கத்தரிக்கோல் பிடிக்க முடியாதவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

"மட்டமான சக்கரத்தை உங்க தலையில கட்டிட்டானே, அவன் நல்லா இருப்பானா?" இடது கையால் சோறு பிசைந்தபடி இன்றும் கேட்கிறாள்.

"விடும்மா" என்கிறேன்.

அந்த மனிதர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வியை இரண்டு வருடமாக அவளிடம் சொல்லவில்லை. முகம் தெரியாத உங்களுக்கு எழுதிவிட்டேன். அவள் பக்கத்து அறையில்தான் இருக்கிறாள்.