டிரெய்லரின் பின்கதவு

என் சர்வீஸ் முழுவதும் பெங்களூரில் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். சீழ், ரத்தம், மலம், வாந்தி எதுவும் என் வயிற்றைப் புரட்டியதில்லை. புழு நெளிகிற புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு, சோப்புப் போட்டுக் கையலம்பிக்கொண்டு, அடுத்த நிமிஷமே டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டிருக்கிறேன். அருவருப்பு என்றால் என்னவென்று ரிட்டயர் ஆன பிறகுதான் தெரிந்தது. நாக்பூருக்குப் போகிற ரோட்டில், ஒரு டிரெய்லர் வண்டியின் பின்பக்கத்தில்.

அந்த டிரெய்லர் என் கணவருடைய சிநேகிதரின் யோசனை. இருவரும் ஒரே தொழிற்சாலையில், ஷாப் என்று சொல்கிற ஒரே பட்டறைப் பிரிவில், முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர்கள். அவர் என் கணவருக்கு இரண்டு வருஷம் மூத்தவர். இவர் அவரை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவார். ராஜாஜி நகரில் சொந்த வீடு, மகன் அமெரிக்காவில். வயதான வெள்ளைக்காரத் தம்பதிகள் காருக்குப் பின்னால் ஒரு வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிற போட்டோக்களை அந்த மகன் அனுப்பியிருந்தான். ஒரு படத்தில் ஒரு கிழவரும் கிழவியும் வண்டிக்கு வெளியே நாற்காலி போட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை.

ஸ்ரீராம்புரத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் பல மாதம் உட்கார்ந்து, தகரமும் பிளைவுட்டுமாக ஒன்றைச் செய்தே விட்டார். உள்ளே இரண்டு பக்கமும் படுக்கைப் பலகைகள், நடுவில் திரை, முன்மூலையில் கேஸ் அடுப்பு, அதற்கு மேல் சின்ன சாமி ஷெல்ஃப். பின்மூலையில் தகரத் தடுப்பு வைத்து ஒரு கக்கூஸ். பலகையில் ஒரு ஓட்டை, அதற்குக் கீழே பாதியாக அறுத்த நீல பிளாஸ்டிக் டிரம். வெளிப்பக்கத்திலிருந்து ஒரு குட்டிக் கதவைத் திறந்தால் டிரம்மை இழுத்து எடுக்கலாம். அவருக்கு அந்தக் கதவின் மேல் தனிப் பெருமை.

“பாருங்க சிஸ்டர், அமெரிக்காவுல இருக்கிற மாதிரியே. ரோட்டோரம் சொம்பைத் தூக்கிட்டு ஓட வேண்டாம்” என்றார்.

டிரம்மை யார் இழுத்து எடுப்பது என்று அன்றைக்கு நாங்கள் யாரும் கேட்கவில்லை.

ஐதராபாத், நாக்பூர், ஜபல்பூர் வழியாகக் காசி, அங்கிருந்து ஹரித்வார் என்பது திட்டம். எனக்குக் காசியில் வேலையில்லை. என் கணவரும் நானும் கோலார் தங்கவயலில் பிறந்தவர்கள். எங்கள் இருவருடைய அப்பாக்களும் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். அவர்களைப் பெற்றவர்கள் வட ஆற்காட்டிலிருந்து, ஊருக்குள்ளேயே விடாமல் சேரியில் வைத்திருந்த இடத்திலிருந்து, தப்பி வந்தவர்கள். பெங்களூர் ஒக்கலிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் புத்தர் படம்தான் இருக்கும். எங்கள் ஜனம் லட்சக்கணக்கில் பௌத்தம் தழுவிய நாக்பூர் தீட்சா பூமியை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. “கண்டிப்பா நிறுத்தலாம் சிஸ்டர், வழிதானே” என்று சிநேகிதர் சொன்னார். அதனால் கிளம்பினேன். அது இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு ஜனவரி மாதம்.

டிரெய்லரைக் கட்டி இழுத்த ஜீப்பைச் சிநேகிதர் ஓட்டினார், என் கணவர் பக்கத்தில். நானும் சிநேகிதரின் மனைவியும் பின் சீட்டில். ஹெப்பால் தாண்டி, சிக்பள்ளாபூர் தாண்டி, நிறுத்திய இடமெல்லாம் கூட்டம் கூடியது. ஜன்னலில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தார்கள். சர்க்கஸா, தேர்தல் வண்டியா என்று கேட்டார்கள். அவருக்கு ஒரே பூரிப்பு.

எனக்கு முதல் நாள் ராத்திரியே போதும் என்றாகிவிட்டது. அந்தத் தகரப் பெட்டிக்குள் நான்கு கிழ உடம்புகள். சிநேகிதர் காலைத் தூக்கிப் பலகை மேல் வைத்துக்கொண்டு குதிகால் தோலை உரித்து உரித்துத் தரையில் போடுவார். காலையில் நாக்கு வழிக்கிற சத்தம், வயிற்றுக்குள்ளிருந்து எதையோ பிடுங்குவதுபோல் இருக்கும். ஈர பனியன் அடுப்புக்கு மேல் கொடியில் தொங்கும். அதிலிருந்து சொட்டுகிற தண்ணீர் தோசைக்கல்லில் விழுந்து சுர்ரென்னும். இதெல்லாம் மனிதர்கள் செய்வதுதான், வார்டில் இதைவிட மோசமாகப் பார்த்தவள்தானே நான் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அனந்தபூருக்கு அப்புறம், மறுநாள் காலை டிரம் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. சிநேகிதரின் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். என்னைவிடச் சின்னவள், என்னை ‘அக்கா’ என்பாள். என் கணவர் மண்வெட்டியை எடுத்தார். உடனே சிநேகிதர், “நீ விடுப்பா, வா, டயர்ல காத்து பாக்கணும்” என்று அவரைத் தோளில் கை போட்டு அழைத்துப்போனார். நான் மண்வெட்டியை வாங்கிக் குழி தோண்டி, டிரம்மைக் கவிழ்த்து, மண்ணைத் தள்ளி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி வைத்தேன். எனக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே தோன்றவில்லை. பெட்பேன் எடுக்காத நர்ஸ் உண்டா?

அதற்கு மறுநாளும் நான்தான் எடுத்தேன். அதற்கடுத்த நாள் யாரும் டிரம் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது என் வேலையாகிவிட்டது. அடுப்பு அவள் வேலை. நான் வெங்காயம் நறுக்கக் கத்தியை எடுத்தால், “நீங்க உக்காருங்கக்கா, நான் பாத்துக்கறேன்” என்று கையிலிருந்து வாங்கிவிடுவாள். எவ்வளவு அன்பு, என்னைச் சிரமப்பட விடமாட்டேன் என்கிறாளே என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

ஆதிலாபாத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தியிருந்தோம். நான் பின்னால் நின்று, கழுவிய டிரம்மை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன். டீசலுக்கு நின்ற ஒரு லாரி ஓனர், வயசானவர், டிரெய்லரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சிநேகிதர் ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கினார். குட்டிக் கதவுக்கு வந்ததும் அந்த மனிதர் சிரித்துக்கொண்டே தக்கினி உருதுவில் கேட்டார்: இதை யார் சுத்தம் பண்றது?

சிநேகிதர் என் பக்கம் தாடையை ஆட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: “இன் லோகாங்கு ஆதத் ஹை.”

அவங்க ஜனத்துக்கு இது பழக்கம். எனக்குத் தக்கினி தெரியாது என்று நினைத்தாரோ என்னவோ. ஆஸ்பத்திரியில் பாதிப் பேஷண்டுகளிடம் நான் அந்தப் பாஷையில்தான் பேசியிருக்கிறேன். லாரி ஓனர் என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் டிரெய்லரின் மேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டார்.

என் கணவர் அங்கேயேதான் இருந்தார். அவருக்கும் அந்தப் பாஷை தெரியும். குனிந்து டயரைத் தட்டிப் பார்த்தார்.

நான் பங்க்குக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். அத்தனை வருஷத்தில் வராத வாந்தி. கையில் ஒட்டியிருந்த பிளீச்சிங் வாசனை, சிநேகிதரின் தாடை அசைவு, டயரைத் தட்டிய என் கணவரின் கை, எல்லாம் அதில் இருந்தன. அவள் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

“என்னக்கா, வெயிலா?”

“உங்க வீட்டுக்காரர் சொன்னது கேட்டுதா?”

அவளுக்குக் கேட்டிருந்தது. “அவர் மனசுல ஒண்ணும் இல்லக்கா. நீங்க நர்ஸ்ங்கறதைத்தான் சொன்னாரு.”

“நர்ஸுன்னா ‘ஜனம்’னு ஏன் சொல்லணும்?”

அவள் சொம்பைத் தரையில் வைத்துவிட்டு, “சமையல் பண்ற கை, சாமிக்கு விளக்கேத்தற கை. என்னால அதைத் தொட முடியாதுக்கா, நீங்களே சொல்லுங்க” என்றாள். என் கையிலிருந்து அவள் ஏன் கத்தியை வாங்கினாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்றைக்கு மத்தியானமே சொல்லிவிட்டேன். இனிமேல் நான் டிரம்மைத் தொடமாட்டேன், பேசிக்கொண்டு ஆளுக்கொரு நாள் எடுங்கள் என்று.

“என்ன சிஸ்டர், சும்னே சின்ன விஷயத்துக்கு” என்றார் சிநேகிதர், பாதி கன்னடத்தில். “நம்ம எல்லாம் ஒரே குடும்பம்.”

யாரும் எடுக்கவில்லை. என் கணவர் மண்வெட்டியோடு போனபோது நானே தடுத்தேன். “நீங்க எடுத்தா நான் இங்கேயே இறங்கிடுவேன்” என்றேன். அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டார். நானும் அவரும் பெட்ரோல் பங்க், ஓட்டல் என்று நிறுத்துகிற இடங்களில் போய்க்கொண்டோம். அவர்கள் இருவரும் டிரம்மையே நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நாற்றம் திரைத்துணியில் ஏறியது, தலையணையில் ஏறியது. அவள் சாமி ஷெல்ஃபில் ஊதுபத்தியைக் கட்டுக்கட்டாகக் கொளுத்தினாள். ஊதுபத்தியும் அதுவும் கலந்த அந்த வாடையில் சாம்பார் கொதித்தது. அவர்கள் சாப்பிட்டார்கள்.

மகாராஷ்டிராவுக்குள் நுழைந்ததும் ரோடு பெயர்ந்து கிடந்தது. ஜீப் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது பின்னால் தொம்மென்று சத்தம். ஹிங்கன்காட் என்ற ஊருக்கு வெளியே நிறுத்தி டிரெய்லரைத் திறந்தார்கள். டிரம் கவிழ்ந்து எல்லாம் வெளியே வந்திருந்தது. படுக்கைப் பலகைக்கு அடியில் வைத்திருந்த அரிசிப் பை, போர்வைகள், சிநேகிதரின் செருப்பு, எல்லாம் நனைந்திருந்தன. அவர் கதவருகே நின்று இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அவள் ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் எதிரே இருந்த டீக்கடைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். அந்த ஊரில் இந்த வேலை செய்கிறவர்கள் எங்கே இருப்பார்கள் என்று கேட்டிருக்கிறார். கடைக்காரன் ஒரு தெருவைக் காட்டியிருக்கிறான். வந்தவர் என் கணவரின் தோளில் கை வைத்தார்.

“நீ போய்க் கூட்டிட்டு வாப்பா. நீ பேசினா வருவாங்க.”

என் கணவர் போனார். ஆமாம், போனார். அந்தத் தெருவை நோக்கி நடக்கிற அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். என்னைப் பெண் பார்க்க வந்த நாளிலிருந்து பழகிய முதுகு. அன்றைக்கு அதைப் பார்க்கக் குமட்டியது.

அவர் தெருமுனை வரை போய்க் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் தனியாகத் திரும்பி வந்தார்.

“என்ன, யாரும் இல்லையா?” என்று சிநேகிதர் கேட்டார்.

“நான் கூப்பிடலண்ணா.”

“ஏன்?”

என் கணவர் ஜீப்பின் பின்பக்கம் வைத்திருந்த எங்கள் பையை எடுத்தார். நல்லவேளையாக அது டிரெய்லரில் இல்லை. “வாம்மா” என்றார் என்னைப் பார்த்து. சிநேகிதர், “டேய், நடுரோட்டுல விட்டுட்டுப் போறியா? இதான் உன் நன்றியா?” என்று கத்தினார். எதற்கு நன்றி என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பஸ் பிடித்து நாக்பூர் போனோம். ரயில்வே ஸ்டேஷன் வெயிட்டிங் ரூமில் குளித்துப் புடவை மாற்றினேன். இரண்டு தடவை குளித்தும் கூந்தலில் அந்த வாடை இருந்தது. தீட்சா பூமிக்குப் போனோம். வெள்ளைக் குவிமாடம், உள்ளே குளிர்ந்த தரை, எங்களைப் போல எங்கெங்கிருந்தோ வந்த ஜனங்கள். அழுவேன் என்று நினைத்திருந்தேன், அழுகை வரவில்லை. பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த என் கணவரிடமிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார வேண்டும் போல் இருந்தது. தள்ளித்தான் உட்கார்ந்தேன்.

திரும்பி வருகிற ரயிலில்தான் கேட்டேன்.

“அவர் இப்படின்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா அத்தனை வருஷம் அண்ணா அண்ணான்னு சுத்தினீங்க?”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “ஷாப்புல அதையெல்லாம் கவனிச்சா நாள் முழுக்க வேலை செய்ய முடியாதும்மா. நானும் கவனிக்காம இருந்து பழகிட்டேன். ரிட்டயர் ஆனா அவருக்கு அதுவும் ரிட்டயர் ஆயிடும்னு நெனச்சேன்.”

“டயரைத் தட்டினீங்களே. காத்து சரியா இருந்துச்சா?”

அவர் ஜன்னல் ஷட்டரை இறக்கினார். பெங்களூர் வரும்வரை இருவரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பல நாள் அவருக்குச் சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டு நான் வேறு அறைக்குப் போய்விடுவேன். அவரே ஒருநாள் கூடத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்து, “அன்னைக்கு அந்தப் பங்க்குலயே பையை எடுத்திருக்கணும்” என்றார். “ஆமாம்” என்றேன். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. கோபம் மெதுவாகத்தான் போனது. முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

சில மாதம் கழித்து அவள் போன் செய்தாள். அவர்கள் காசிக்குப் போகவில்லையாம். அங்கேயே அரைகுறையாகக் கழுவிக்கொண்டு, வந்த வழியே பெங்களூர் திரும்பியிருக்கிறார்கள். ஏதேதோ பேசினாள். மகன், முட்டிவலி, தண்ணீர் வராதது. நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் குரலைத் தாழ்த்தினாள். வீட்டில் அவர் இருந்திருப்பார்.

“திரும்பி வர்ற வழியெல்லாம் நான்தான்கா எடுத்தேன். அவர் ஒரு தடவைகூடத் தொடல.”

எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அதுவும் இல்லை. நான் இல்லையென்றால் அவள், அவள் இல்லையென்றால் வேறொருத்தி. அந்த மனிதர் மட்டும் எப்போதும் டயரில் காற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். அவளிடம் கேட்டேன்:

“பழகிடுச்சா?”

“இல்லக்கா” என்றாள். “பழகல.”

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். “சரி, வெச்சிடறேன்” என்று அவளே போனை வைத்தாள்.